பாலத்தில் ஒதுங்கி நின்றது

குமராட்சிப் பக்கம் எங்கள் ஊர் வாய்க்காலில் ஒரு கல் பாலம் இருந்தது. மூன்று வளைவுகள், சுண்ணாம்புச் சாந்து, நடுவில் ஒரு கூன். கட்டியவர் யாரென்று கைப்பிடிச் சுவரில் ஒரு கல்லில் வெட்டி வைத்திருந்தார்களாம். அந்தக் கல் அரிவாள் தீட்ட வசதியான உயரத்தில் இருந்ததால் நான் பிறப்பதற்குள் எழுத்து தேய்ந்துவிட்டது. வெள்ளைக்காரன் கட்டினான் என்பார்கள், நவாப் கட்டினார் என்பார்கள். கட்டியவர் பஸ்ஸை எதிர்பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அறுபதுகளில் சிதம்பரம் பஸ் அதன் மேல் ஏறினால் இரண்டு பக்கமும் ஒரு சாண் கூட மிஞ்சாது. ஆனால் தூண்களுக்கு நேர் மேலே சுவர் முக்கோணமாக வெளியே தள்ளியிருக்கும். ஒரு படி ஏறி அதில் இரண்டு பேர் ஒதுங்கலாம். தண்ணீரைக் கிழிக்கத் தூணுக்கு வைத்த மூக்கையே மேலே வரை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அளக்க வந்த ஓவர்சியர் விளக்கினார். எங்களுக்கு அது பஸ்ஸில் போகிறவர்களை வேடிக்கை பார்க்கும் இடம். டிரைவர் ஊர்ந்துதான் ஓட்டுவார். ஜன்னல் முகங்கள் நம் முகத்துக்கு நேரே போகும்.

எனக்கு மலேயாவிலிருந்து வந்த மாப்பிள்ளையைப் பேசினார்கள். எங்கள் வீட்டில் நிக்காஹுக்கு முன் பெண் மாப்பிள்ளையைப் பார்க்கும் வழக்கம் இல்லை. பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அத்தா பதில் சொல்லியாக வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு வழி சொன்னார்.

"வெள்ளிக்கெழம காலையில அவரு பஸ்ஸுல சிதம்பரம் போறாரு. ஜன்னலோரம், பச்ச சட்ட. சித்தியோட போயி பாலத்துல நில்லு. அத்தாகிட்ட மூச்சு விடாத."

பஸ் வந்தது. பச்சைச் சட்டை ஜன்னலோரம் இருந்தது. ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். நெற்றி, மூக்கு, மீசை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தேன். அந்தக் குலுக்கலில் தூங்குகிறவர் வீடு இடிந்தாலும் எழுந்திருக்க மாட்டார் என்று கோபம் வந்தது. "வாயத் தொறந்து தூங்கல, அதுவே ஜாஸ்தி" என்றாள் சித்தி. வேறு குறை ஒன்றும் தென்படவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"பஸ்ஸுல அப்படி என்ன தூக்கம்?"

"தூங்கல. நீ பாலத்துல நிப்பேன்னு ஒங்க மாமா சொன்னாரு. நான் பாத்தா நீ தலையக் குனிஞ்சிக்குவ. நல்லா பாத்துக்கட்டும்னு கண்ண மூடிக்கிட்டேன்."

"அப்ப நீங்க என்னப் பாக்கவே இல்லியா?"

"பஸ்ஸு பாலத்த விட்டு எறங்குனதும் கண்ணத் தொறந்தேன். பாலம் பின்னால போயிடுச்சு."

என்னைப் பார்க்காமலேதான் அவர் சம்மதம் சொல்லியிருக்கிறார். கல்யாணம் ஆனது எப்போதோ, அந்த மனுஷனை எனக்குப் பிடித்தது அன்றைக்குத்தான்.