மெக்சிகோ இல்லை, நியூ மெக்சிகோ

அம்மாவுக்கு அமெரிக்காவில் நர்ஸ் வேலை கிடைத்த வருடம் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதியாகச் சோறு இறங்கவில்லை. குற்றம் வேலையின் மேல் இல்லை, வேலை கிடைத்த இடத்தின் பெயர் மேல். டெக்சாஸ் என்றிருந்தால் பிரச்சினையே கிடையாது, சொந்தத்தில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். நியூயார்க் என்றால் கன்னியாகுமரிக் கடற்கரையில் மீன் விற்கிறவருக்கும் தெரியும். அம்மாவுக்கு விழுந்ததோ நியூ மெக்சிகோ.

நாங்கள் அப்போது ஷார்ஜாவில், ரோலா கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு ஃப்ளாட்டில் உள்ளறையை வாடகைக்கு எடுத்து இருந்தோம். மற்ற அறையில் ஒரு மலையாளிக் குடும்பம். சமையலறை இருவருக்கும் பொது. அம்மா ஆஸ்பத்திரியில் டூட்டிக்குப் போவாள். அப்பா ஏசி வேலை செய்யும் கம்பெனியில் ஃபோர்மேன். அவருக்குக் கீழே பெரிய கூட்டமே இருந்தது. எனக்குப் பத்து வயது, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்பிய வயது.

முதல் செய்தி போன் கார்டு போட்டு ஊருக்கு, அப்பாவின் அக்காவுக்குப் போனது. அத்தை கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

"அமெரிக்கான்னுல்லா சொன்ன? இப்ப மெக்சிகோன்னு சொல்லுக! அங்க ஆள்கள வெட்டிப் போடுவானுவளாமே!"

"மெக்சிகோ இல்ல மைனி, நியூ மெக்சிகோ. அது அமெரிக்காவுலதான் இருக்கு" என்றாள் அம்மா.

"புதுசா பிடிச்சிருக்கானுவளா?"

கார்டு தீர்ந்தது, அத்தையின் சந்தேகம் தீரவில்லை. வெள்ளிக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றால் அதே கேள்வி. "எப்போ மெக்சிகோ போறிய?" என்று ஒரு அக்கா கேட்பாள். அம்மா விளக்குவாள். தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் அதே அக்கா, "ஸ்பானிஷ் படிச்சாச்சா?" என்பாள். அம்மாவுக்கு முகம் சிவந்துவிடும். ஆஸ்பத்திரியில் எத்தனையோ நோயாளிகளிடம் பொறுமையாக இருக்கிறவள், கோவிலிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிற நிலைக்கு வந்துவிடுவாள்.

எல்லாரையும்விட அவளை அதிகம் படுத்தியவர் அப்பா.

அம்மா இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து அந்த மாநிலத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பிரிண்ட் எடுத்து வந்தாள். விசா இன்டர்வியூவில் குடும்பத்தையே நிற்க வைத்து, போகிற இடத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் இரவுச் சாப்பாடு எங்களுக்குப் பரீட்சை ஹால் ஆனது. மீன் குழம்பை ஊற்றிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா ஆரம்பிப்பாள்.

"தலைநகரம் என்ன?"

"சாந்தா பாய்" என்பார் அப்பா.

"சாந்தா ஃபே! அமெரிக்காவுல இருக்க தலைநகரத்திலயே ரொம்பப் பழசு. எத்தன மட்டம் சொல்லியாச்சு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு எல்லாம் மனப்பாடம். நானூறு வருடத்துக்கு முன்னால் ஸ்பெயின்காரர்கள் வந்து உட்கார்ந்தது, அங்கேயே இருந்த பூர்வகுடிகள் ஒருநாள் ஒன்றாகக் கிளம்பி அவர்களை அடித்து விரட்டியது, பன்னிரண்டு வருடம் கழித்து அவர்கள் திரும்பி வந்தது, பிறகு மெக்சிகோ கைக்குப் போனது, சண்டை போட்டு அமெரிக்கா பிடித்தது, அதன் பிறகும் ஐம்பது அறுபது வருடம் மாநிலம் என்ற பெயர் கொடுக்காமல் இழுத்தடித்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். அப்பா என்னைப் பெருமையாகப் பார்ப்பார். தன் முறை வரும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

"அங்க வீடெல்லாம் எதுல கெட்டியிருக்கு?"

"சிமெண்டுல."

"மண்ணுல! வெயில்ல காய வச்ச பச்ச மண்ணு கல்லுல. வெள்ள மணல் பாலைவனம் ஒண்ணு இருக்கே, அதுக்க விசேஷம் என்ன?"

"மணல்ல என்ன விசேஷம்? இங்க இல்லாத மணலா?" இதைச் சொல்லும்போது மட்டும் அப்பா நிமிர்ந்து பார்ப்பார். "இந்தப் பாலைவனத்துல கெடந்து காஞ்சது போதாதுன்னு இன்னொரு பாலைவனத்துக்குப் போணுமா? நடுவுல ஒரு கடலாவது இருக்கா அங்க?"

"கெடையாது."

"அணுகுண்ட மொதல்ல வெடிச்சுப் பாத்த எடம்னு நீதானே சொன்ன? கூடங்குளத்த விட்டுட்டு ஓடி அங்கயா போயி நிப்போம்?"

அம்மா கரண்டியைச் சட்டியில் போடும் சத்தத்தோடு அன்றைய பரீட்சை முடியும். அடுத்த அறை மலையாளி மாமி எட்டிப் பார்த்து, "எந்தா, மெக்சிகோ கழிஞ்ஞோ?" என்று, முடிந்ததா என்கிற மாதிரி கேட்பாள். மெக்சிகோ இல்லை, நியூ மெக்சிகோ என்று நானும் அம்மாவும் ஒரே குரலில் கத்துவோம்.

ஒரு கட்டடத்தில் எந்தத் தளத்தில் எந்த ஏசிக் குழாய் எங்கே திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மனுஷருக்கு, ஒரு தலைநகரத்தின் பெயர் ஏன் மண்டையில் ஏறவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. இவரால்தான் விசா கிடைக்காமல் போகப்போகிறது என்று வகுப்புத் தோழியிடம் சொல்லி அழுதிருக்கிறேன்.

இன்டர்வியூ நாளில் விடியும் முன்னே பஸ் பிடித்து அபுதாபிக்குப் போனோம். அம்மா வழியெல்லாம் உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். அப்பா கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, தூங்கினார்.

தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். அம்மாவின் படிப்பு, அனுபவம் எல்லாம் கேட்டாள். அம்மா சரியாகத்தான் சொன்னாள். பிறகு அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, தான் நியூ மெக்சிகோவுக்குப் போனதே இல்லை, அந்த இடம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று சும்மா கேட்டாள்.

அம்மாவுக்கு வாய் திறக்கவில்லை. எத்தனையோ மாதமாகக் கரண்டியோடு எங்களை மிரட்டியவள், கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லலாம் என்று காலை எக்கினேன், கவுண்டர் உயரம்.

அப்போது அப்பா முன்னால் வந்தார். கட்டட வேலையிடத்தில் பழகிய அவருடைய இங்கிலீஷில் ஆரம்பித்தார். "மேடம், தேர் ஹோட்டல் கோயிங், ஃபர்ஸ்ட் தே ஆஸ்கிங்: ரெட் ஆர் க்ரீன்?" சிவப்பு மிளகாயா பச்சை மிளகாயா என்பதுதான் அந்த மாநிலத்துக்கென்று சர்க்காரே அறிவித்த கேள்வி என்று விளக்கினார். எங்கள் வீட்டில் இரண்டும் சாப்பிடுவோம், அதனால் பிழைத்துக்கொள்வோம் என்றார். அதோடு நிற்கவில்லை. சாந்தா ஃபே வந்தது. மண் வீடு வந்தது. அந்த வெள்ளை மணல் எவ்வளவு வெயிலிலும் சுடாது, செருப்பில்லாமல் நடக்கலாம் என்பதும் வந்தது. ஒன்றுகூடத் தப்பு இல்லை.

அந்தப் பெண் சிரித்துப் பக்கத்துக் கவுண்டர்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாள். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே இத்தனை நாளும் எங்களை இந்தப் பாடு படுத்தினாரா?

கடைசியாக அவள் அப்பாவிடம், அங்கே நீங்கள் என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டாள்.

அப்பா கோட்டு பட்டனைத் தொட்டுப் பார்த்தார். "எனி ஒர்க், மேடம்" என்றார்.

விசா உண்டு என்று சொல்லிவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் நான்தான் முதலில் வெடித்தேன். "எல்லாம் தெரியும்ல உங்களுக்கு? பின்ன ஏன் டெய்லி தப்பா சொன்னீங்க? அம்மா எவ்ளோ கத்துனாங்க!"

"சரியா சொல்லியிருந்தா, அப்பா வர சம்மதிச்சாச்சுன்னுல்லா உங்கம்மா நெனச்சிருப்பா" என்றார் அப்பா.

அது பதில் போலவே எனக்குத் தோன்றவில்லை. அம்மா சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தபடியே மெதுவாகக் கேட்டாள்:

"எனி ஒர்க்குன்னு ஏன் சொன்னிய? இங்க ஃபோர்மேன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"வேற என்னத்தச் சொல்ல?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்பா அவள் பக்கம் திரும்பாமலேயே, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் மடியில் வைத்தார். விசா கிடைத்த நாளில் இந்த இரண்டு பேரும் செய்கிற கூத்து எனக்கு அலுப்பாக இருந்தது. ஆனால் காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்கு இங்கிலீஷில் தப்பு விட்டால் பிடிக்காது.

"அது எனி ஒர்க் இல்லப்பா. எனி ஜாப்னு சொல்லணும்" என்றேன்.

அப்பா தலையாட்டினார். "எனி ஜாப்" என்று சொல்லிப் பார்த்தார். சரியா என்று என்னிடம் கேட்டார். சரிதான் என்றேன். மறக்காமல் இருக்க, ஷார்ஜா வரும்வரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார்.