பேரையூர்த் தங்கப்பொண்ணு கேட்ட மூலநிரல்

காஜிமார் தெரு நுஸைபாவுக்குக் கோபம் வந்தால் பெரியார் நிலையத்து டவுன்பஸ்கூட ஹாரனை அடக்கிக்கொள்ளும். நம்பாதவர்கள் அன்று திருநகரில் இருந்திருக்க வேண்டும்.

பகலில் தையல், சாயங்காலம் கணினி என்று இருபது வருடம் ஓட்டியவள் அவள். உடம்பளவைத் தட்டினால் ரவிக்கை வெட்ட வேண்டிய படத்தை வரைந்து தரும் மென்பொருள் ஒன்றை ஒற்றையாளாக எழுதி, கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டாள். யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், விற்கவும் விற்கலாம். ஒரே நிபந்தனை: வாங்குகிறவர் கைக்கு, மனிதர் வாசித்துத் திருத்தக்கூடிய மூலநிரலும், அதை மாற்றி ஓட்டும் வழியும் போய்ச் சேர வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை, பேரையூரில் தையற்கடை வைத்திருக்கும் தங்கப்பொண்ணு ஒரு லேப்டாப்போடு வந்து இறங்கினாள். திருநகர் சூர்யபிரகாஷிடம் மென்பொருளோடு சேர்த்து வாங்கியது.

"அக்கா, எங்க ஊரு முத்துத்தாய்க்குப் புத்துநோய்னு ஒருபக்க மாரை எடுத்துட்டாங்க. மக கல்யாணத்துக்கு ரவிக்கை கேக்குது. இந்தச் சனியன் ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரிதான் வரையும்ங்குது. மாத்தித் தாங்கன்னா, அந்தாளு முடியாதுன்னுட்டாரு."

நுஸைபா திரையைப் பார்த்தாள். பெயரும் நிறமும்தான் வேறு. அவள் பெற்ற பிள்ளையேதான்.

தன்னுடைய கணினியிலேயே திருத்தி, முத்துத்தாய்க்கு வேண்டிய படத்தை உடனே அச்செடுத்துக் கொடுத்தாள். லேப்டாப்பில் அந்தத் திருத்தத்தை ஏற்றப்போனால் கடவுச்சொல் கேட்டது. தங்கப்பொண்ணு எழுந்திருக்கவில்லை.

"அடுத்து இன்னொருத்தி வந்தா, திரும்ப உங்க வாசல்லதான் வந்து நிக்கணுமாக்கா? காசு குடுத்து வாங்குனது என் லேப்டாப்புதானே?"

அந்தக் கேள்விதான் நுஸைபாவைக் கிளப்பிவிட்டது. தங்கப்பொண்ணை லேப்டாப்போடு பின்னால் ஏற்றிக்கொண்டு அவள் ஓட்டிய ஓட்டில் ஸ்கூட்டரின் சக்கரம் திருநகர் வரை தரையைத் தொடவே இல்லை.

சூர்யபிரகாஷ் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இலவசமாத்தானே மேடம் போட்டிருந்தீங்க? விக்கிறேன்னு வருத்தம்னா ஒரு பங்கு தாரேன்."

"இலவசம்னு எங்கய்யா எழுதுனேன்? கட்டற்றதுன்னு எழுதுனேன். விக்கிறதுல எனக்கென்ன வருத்தம்? நல்லா வித்துக்க. உனக்கு நான் போடாத பூட்டை இவளுக்கு ஏய்யா போட்ட? மூலநிரலைக் குடு!"

"அது கம்பெனி ரகசியம். அதுபோக, இந்தம்மாவுக்கு நிரல் எதுக்கு? வாசிக்கத் தெரியுமா?"

நுஸைபாவுக்குக் காது மடல் சுட்டது. வாயைத் திறப்பதற்குள் தங்கப்பொண்ணு முந்திக்கொண்டாள்.

"வாசல்ல காரு நிக்குதே, அதை நீங்களாண்ணே கழட்டி மாட்டுறீங்க? தெரிஞ்ச மெக்கானிக்குட்ட விடுறீங்கள்ல? நானும் தெரிஞ்சவுககிட்டக் குடுப்பேன். ஒங்ககிட்ட மட்டுந்தான் வரணும்னு எவன் எழுதி வச்சான்?"

"வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன். ஒரு வாரம் ஆகும்."

"கேளுங்க. என்னைப்போல உங்ககிட்ட வாங்குன இன்னும் இருபத்தொம்பது டெய்லரு எங்க சங்கத்துல இருக்காங்க. எல்லாரையும் வேன்ல வரச் சொல்றேன். ஆளுக்கொரு நாற்காலி போட்டு வைங்க."

அவள் போனை எடுத்து எண்ணைத் தட்டியே விட்டாள். மறுமுனையில் மணியடித்த பிறகுதான் சூர்யபிரகாஷ் மேசை இழுப்பறையைத் திறந்து பென் டிரைவைத் தேடினார்.

நிரல் வந்தது. கடவுச்சொல் ஒரு துண்டுச் சீட்டில் வந்தது. நுஸைபா அங்கேயே உட்கார்ந்து, அது உண்மைதானா என்று லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள். கோபம் மட்டும் இறங்கவில்லை.

தங்கப்பொண்ணு பென் டிரைவை மணிப்பர்சில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "மத்த இருபத்தொம்பது பேருக்கும் நீங்க குடுக்கிறீங்களாண்ணே, இல்ல நானே குடுத்துக்கிறட்டுமா?"