அப்பா இறந்துபோன முதல் எபிசோட்

தொலைக்காட்சித் தொடர்களுக்கு விமர்சனம் எழுதுவது என் உபதொழில். பகலில் திருச்சியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் எடுக்கிறேன். விமர்சனங்கள் சென்னையில் இருக்கும் ஓர் இணைய இதழுக்கு. என் அப்பா ஒரு நகைச்சுவைத் தொடரில் நடிக்கத் தொடங்கியபோது, முறைப்படி இதழின் ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நியாயமான மனிதர். "தொடரைப் பத்தி எழுதுங்க. அப்பாவைப் பத்தி மட்டும் எழுதாதீங்க" என்றார். அதன்படி முதல் சீசனுக்கு நான் எழுதிய விமர்சனத்தில் நடிகர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வரி இருந்தது. அதில் வரும் நாய்க்குக்கூட ஒரு வரி இருந்தது. அப்பாவுக்கு இல்லை.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. படித்துவிட்டு, "நாய் நல்லாத்தான் பண்ணுச்சு" என்று மட்டும் சொன்னார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அப்பா திருவெறும்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் ஆண்டு விழா தவறாமல் மேடை ஏறியவர். ஓய்வுக்குப் பிறகு அம்மாவும் அவரும் ஸ்ரீரங்கத்தில் ஒரு பிளாட்டுக்குக் குடிவந்தார்கள். தொடரின் படப்பிடிப்பு உறையூரில், ஒரு வாடகை வீட்டில். டவுன் பஸ்ஸில் போய் நடித்துவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்புவார்.

கதை எளிமையானது. ஒரே காம்பவுண்டில் ஐந்து குடும்பங்கள், ஒரே ஒரு தண்ணீர் மோட்டார். மோட்டார் ரூம் சாவி கீழ்வீட்டுப் பெரியவரிடம் இருக்கும். சாவி கேட்க வருகிறவர்கள் சாவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். பெரியவர் கேட்டுவிட்டு, கடைசியில் சாவியை எடுத்துக் கொடுப்பார். அந்தப் பெரியவர்தான் அப்பா. வசனம் மிகக் குறைவு.

குறைவாக இருந்ததில்தான் சிக்கல் வந்தது. மேடை நாடகப் பழக்கத்தில் அடுத்தவர் வசனத்தையும் அப்பா மனப்பாடம் செய்துவிடுவார். அடுத்தவர் பேசும்போது இவர் உதடும் சத்தமில்லாமல் கூடவே பேசும். நான்கு முறை படம்பிடித்தும் உதடு நிற்கவில்லை. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அம்மாதான் வழி சொன்னார். "ஒரு கிராம்பை வாயில போட்டு அடக்கிக்கங்க. காரத்துக்கு வாய் தானா மூடிக்கும்." மூடிக்கொண்டது. முதல் சீசன் அப்படித்தான் ஓடியது.

இரண்டாம் சீசனுக்குக் கூப்பிடுவார்கள் என்று அப்பா காத்திருந்தார். "உங்க போர்ஷன் அப்புறம் சார்" என்றார்கள். பிறகு ஒருநாள் போன் வந்தது. ஒரு நல்ல போட்டோ வேண்டுமாம், நேராகப் பார்க்கிற மாதிரி. போஸ்டருக்குத்தான் கேட்கிறார்கள் என்று அப்பா முடிவு கட்டினார். அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த படம்தான் அவருடைய படங்களிலேயே நல்ல படம். அதை அனுப்பினார். அந்தப் படத்தில் பக்கத்தில் அம்மாவும் இருக்கிறார். "வேணும்னா அவங்களே கட் பண்ணிக்குவாங்க" என்றார் அப்பா. கட் பண்ணிக்கொண்டார்கள்.

முதல் எபிசோட் ஒளிபரப்பான அன்று கல்லூரி முடிந்து பாலத்து நெரிசலைக் கடந்து நான் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது, எதிர் பிளாட் மாமா, மாமி உட்பட எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தாகிவிட்டது. அம்மா கேசரி செய்திருந்தார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். டிவியில் வரப்போகிறவர் ஹாலிலும் தயாராக இருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

தொடர் தொடங்கியது. ஒரு சுவர். சுவரில் அப்பா. கழுத்தில் சந்தன மாலை, கீழே விளக்கு.

எதிர் பிளாட் மாமி வாயில் போட்ட கேசரியை விழுங்காமல் வைத்திருந்தார். அம்மாதான் முதலில் பேசினார்.

"என் தோள்பட்டை."

உண்மைதான். படத்தின் ஓரத்தில் அம்மாவின் பட்டுப்புடவைத் தோள் கொஞ்சம் மிச்சமிருந்தது. மாலை அதன்மேலும் விழுந்திருந்தது.

"என்னையும் சேத்து மாலை போட்டிருக்காங்க" என்றார் அம்மா. தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் கற்பூர வாசனை வந்தது.

அப்போது போன் அடித்தது. தொட்டியத்தில் வாழை போட்டிருக்கும் என் தாய்மாமா. அப்பாதான் எடுத்தார். "ஹலோ" என்றார்.

"அத்தான், நீங்களா பேசறீங்க?"

"நான்தான். நாடகத்துலதான் மாப்ளே."

"இல்ல, படத்தைப் பாத்ததும் பக்குனு ஆயிருச்சு. சரி, அக்காகிட்ட குடுங்க, அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

அப்பா போனை உள்ளே கொடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எனக்கு எழுந்து அம்மாவிடம் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் விமர்சகர் தொடரைப் பார்த்தாக வேண்டும். பார்த்தேன்.

தொடர் நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம். பெரியவர் சாவியை எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. காம்பவுண்டில் தண்ணீர் இல்லை. ஐந்து குடும்பங்களும் ஒவ்வொன்றாகத் துக்கம் விசாரிக்க வந்து, அழுதுகொண்டே வீட்டைத் துழாவுகின்றன. ஓர் அம்மாள் ஒப்பாரி வைத்தபடி மெத்தையைத் தூக்கிப் பார்க்கிறார். மாடிவீட்டுக்காரர் படத்துக்கு மாலை போடுகிற சாக்கில் படத்துக்குப் பின்னால் கையை விடுகிறார். படம் கோணிக்கொண்டு அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்தார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஹாலில் வேறு யாரும் சிரிக்கவில்லை. திரும்பினேன். அப்பா டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, யார் மேல் என்று தெரியாத கோபமாகவும் இருந்தது.

எல்லோரும் போனபிறகு அம்மா வெளியே வந்தார். "நல்லா கிழிச்சு எழுதுடி. மாலையைக் கழட்டச் சொல்லி எழுது."

"அதெல்லாம் வேணாம்" என்றார் அப்பா. "அவ சிரிச்சா. சிரிச்சதை எழுதணும். நியாயமா எழுதும்மா."

மறுநாள் காலையில் உட்கார்ந்து மீண்டும் ஒருமுறை எபிசோடைப் போட்டுப் பார்த்தேன். முன்னைவிட வேகம் கூடியிருந்தது. பெரியவருக்காக யாரும் நிற்க வேண்டியதில்லை. கடைசிக் காட்சியில் ஐந்து குடும்பமும் படத்துக்கு முன்னால் நின்று ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அத்தனை பேரும் நன்றாகத்தான் பேசினார்கள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. பழைய எபிசோட் ஒன்றைப் போட்டுப் பார்த்ததும் காரணம் புரிந்தது. அதில் யாராவது ஏதாவது சொன்னதும் ஒரு நொடி அப்பா முகத்தைக் காட்டுவார்கள். அப்பா மெல்லத் தலையசைப்பார். நாம் சிரித்தது அங்கேதான். இப்போது அந்த இடத்தில் படத்தைக் காட்டுகிறார்கள். படம் தலையசைப்பதில்லை. அப்பாவுடைய நடிப்பை நான் ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

"அப்பா பாத்திரம் செத்துப்போச்சு சார். இப்ப அவரைப் பத்தி எழுதலாமா?"

அவர் யோசித்தார். "செத்துட்டாருன்னா சொந்தக்காரர்னு பாக்க வேண்டியதில்ல. எழுதுங்க."

எழுதினேன். தொடர் சிரிக்க வைக்கிறது, வேகம் கூடியிருக்கிறது என்று நியாயமாகச் சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில் இப்படி முடித்தேன்: "போன சீசனில் கீழ்வீட்டுப் பெரியவருக்குப் பேச்சு இல்லை. மற்றவர்கள் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த சீசனில் எல்லோரும் பேசுகிறார்கள். கேட்க ஆளில்லை."

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் அதைப் படித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மேலே தள்ளி மறுபடி படித்தார். "கிழிக்கவே இல்லையே" என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னார்.

"உயிரோட இருந்தப்பவே எழுதியிருக்கலாம்" என்றார் அப்பா.

"ரூல் அப்படிப்பா."

"அதுவும் சரிதான்." போனைக் கீழே வைத்தார். "கேட்டுக்கொண்டிருந்தார்னு போட்டிருக்கியே."

"கிராம்பு எனக்குத் தெரியும்ப்பா. டிவில கிராம்பு தெரியாது."

அப்பா தலையை ஆட்டினார். "கிராம்பு ஆரம்பத்துல கொஞ்ச நாள்தாம்மா. நாக்கு புண்ணாப் போச்சு, விட்டுட்டேன். அப்புறமும் உதடு அசையல. ஏன்னு நானே யோசிச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிஜமாவே கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அவங்க பேசறது அவ்வளவு நல்லா இருக்கும்மா."

கல்லூரித் தேர்வுத் தாள்கள் பையில் இருந்தன, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தேன். அப்பா ஒவ்வொருவரும் எப்படிப் பேசுவார்கள் என்று சொல்லத் தொடங்கினார். ஒப்பாரி அம்மாளுடைய வசனம், மாடிவீட்டுக்காரருடைய வசனம், எல்லாமே அவருக்கு மனப்பாடமாக இருந்தன. பையைக் கீழே வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன்.