வெங்காய லாரியில் வந்த நாய்

நாய் பிடிக்கும் வண்டியில் வலை வீசும் சவரியாரைச் சேலத்து நாய்கள் தூரத்திலேயே கண்டுகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியில் கோயிலுக்குப் போனாலும் குரைக்கும். "மணி அடிக்கறதுக்கு முன்னாடியே நீங்க வர்றது சாமியாருக்குத் தெரிஞ்சிருது" என்பாள் மனைவி இன்பமேரி.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, அடையாளமாகக் காது நுனியை வெட்டி, காயம் ஆறியதும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது விதி. ஒரு தெரு தள்ளி விட்டாலும் அங்குள்ள நாய்கள் குதறிவிடும். சவரியார் இடம் மாற்றி விட்டதே இல்லை. எந்த விளக்குக் கம்பம், எந்தக் கடைப்படி என்று மனத்தில் வைத்திருப்பார். கூண்டைத் திறந்ததும் நாய் அவரைத் திரும்பியும் பாராமல் தன் இடத்துக்கு ஓடும். அதைப் பார்க்கத்தான் இந்த வேலையில் இருப்பதாகச் சொல்வார்.

செவ்வாய்ப்பேட்டை மண்டிச் சந்தில் விடக் கொண்டுவந்த செவலை நாய் மட்டும் இறங்கவில்லை. கூண்டின் மூலையில் ஒடுங்கிக்கொண்டது. சந்து நாய்கள் உறுமிக்கொண்டு வண்டியைச் சூழ்ந்தன. மூட்டை தூக்கும் தங்கசாமி எட்டிப் பார்த்தார்.

"இது எங்க சந்து நாய் இல்லீங்களே. எருமப்பட்டி வெங்காய லாரியில வர்றது. டிரைவர் குமரகுரு தேடித் தேடிப் பாத்துட்டு அழாத குறையாப் போனாரு."

சவரியாருக்கு அதைப் பிடித்த நாள் நினைவு வந்தது. அதன் நெற்றியில் குங்குமம் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் யாரோ வளர்ப்பது என்று அக்கம்பக்கம் விசாரித்திருப்பார். ஆனால் அதற்கு முந்தின நாள் தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு உகந்த நாளென்று கடைக்காரர்கள் தெரு நாய்களுக்கெல்லாம் பொட்டு வைத்து பிஸ்கட் போட்டிருந்தார்கள். சந்தில் பொட்டில்லாத நாயே இல்லை. வண்டிக்குப் பூசை போடும்போதெல்லாம் குமரகுரு தன் நாய்க்கும் ஒரு பொட்டு வைப்பார் என்பது சவரியாருக்கு எப்படித் தெரியும்?

மேற்பார்வையாளரிடம் போனில் சொன்னார். பிடித்த இடம் அதுதானே, விட்டுவிட்டு வா என்றார் அவர். விதிப்படி அது சரிதான். ஆனால் விட்டால் அந்த நாய் உயிரோடு சந்தைத் தாண்டாது. சவரியார் கூண்டை மூடினார். மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி போனை வைத்தார்.

தங்கசாமி மண்டியில் நம்பர் வாங்கிக் கூப்பிட, மதியம் தாண்டி லாரி வந்தது. குமரகுருவைக் கண்டதும் நாய் கூண்டுக் கம்பியில் முட்டிக்கொண்டு அழுதது. அவர் அதைத் தூக்கி அணைத்தபோதுதான் காதைப் பார்த்தார்.

"ஏனுங்க, கேக்க நாதியில்லைன்னு அறுத்துப்போட்டீங்களா? ஊட்டுல புள்ளைக்கு நான் என்னன்னு சொல்லுவனுங்க?"

சவரியார் மழுப்பவில்லை. பொட்டைப் பார்த்தும் கேட்காமல் விட்டது தன் தப்பு என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இந்தக் காதைப் பாத்தா இனிமே யாரும் வலை போட மாட்டாங்க. கழுத்துல ஒரு பட்டையும் கட்டிருங்க."

"நீங்க சொல்றீங்க. அது நம்பலீங்களே."

சவரியாரின் குரல் கேட்டதுமே நாய் லாரிக்குள் பாய்ந்து சீட்டுக்கு அடியில் புகுந்துவிட்டிருந்தது.

அடுத்த முறை லோடு வந்தபோதும் அது கீழே இறங்கவில்லை என்று தங்கசாமி சொன்னார். அதற்கடுத்த முறை சவரியார் தன் வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்து வந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, சந்து முனையில் சாக்கு அடுக்குக்குப் பின்னால் நின்றார். பாதி மூட்டை இறங்கிய பிறகு கதவிடுக்கில் செவலை மூக்கு தெரிந்தது. கழுத்தில் சிவப்புப் பட்டை. நாய் இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு குதித்து இறங்கி, முன்சக்கரத்தின் நிழலில் கால் நீட்டிப் படுத்தது.

லோடு இறங்கி முடியும் வரை சவரியார் சாக்கு அடுக்கை விட்டு வெளியே வரவில்லை.