கூட்டல் குறி தேய்ந்த ரிமோட்

வீட்டில் சண்டை மூளப்போகிறது என்றால் அவள் கை தானாக ரிமோட்டைத் தேடும். கணவர் செருப்பைக் கழற்றி எறிகிற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அவர் குரல் உயர்வதற்குள் டி.வி.யின் சத்தம் உயர்ந்திருக்கும். எத்தனையோ வருடப் பழக்கம். வால்யூம் பட்டனில் இருந்த கூட்டல் குறி தேய்ந்து, அந்த இடம் வழுக்கையாகிவிட்டது.

தெருவில் அவளுக்கு 'வால்யூம் அக்கா' என்றே பெயர். எதிர்வீட்டுத் தையல்காரி தன் வாசலில் நின்றபடியே கத்துவாள்.

"அக்கா, உங்க புண்ணியத்துல சீரியல் கதையெல்லாம் எனக்கு அத்துப்படி. படம் மட்டுந்தான் தெரியல!"

"ரிமோட்டைக் காணோம்டி" என்று இவள் சிரித்துச் சமாளிப்பாள். ரிமோட் முதுகுக்குப் பின்னால் கையில் இருக்கும்.

அவளுடைய இங்கிலீஷ் முழுவதும் அந்த ரிமோட்டுக்குள் அடக்கம். ஏழாவதோடு படிப்பு நின்றுபோனது. அவள் வேலை பார்க்கும் விடுதியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட அதற்கு மேல் தேவைப்படவில்லை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வீட்டில் டீச்சர் விளையாட்டு தொடங்கியது. மகள் டீச்சர், அம்மா மாணவி, ரிமோட்தான் பாடப்புத்தகம்.

"இது என்ன?"

"சேனல், டீச்சர்."

"இது?"

"மெனு."

"இது?"

"மியூட். வாயை மூடுறது."

"கரெக்ட்! ஆனா நீ இதை மட்டும் அமுக்கவே மாட்டேங்கிறியேம்மா, ஏன்?"

அம்மா மகளின் பின்னலைச் சரிசெய்தாள்.

ஒருநாள் அப்பா கத்த ஆரம்பித்தபோது, அம்மா அடுப்படியில் இருந்தாள். மகளே ஓடிப்போய் வால்யூமைக் கூட்டினாள். அன்றைக்கு அம்மா அவள் தலையைத் தடவி, "சமத்து" என்றாள்.

மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. மாப்பிள்ளைக்கு செல்போன் கடையில் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாதவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள். போன மாதம் மகளுக்குப் போன் போட்டபோது, பின்னால் டி.வி. காதைப் பிளந்தது.

"என்னடி அவ்வளவு சத்தம்?"

"நியூஸும்மா."

ஓடிக்கொண்டிருந்தது துணிசோப்பு விளம்பரம்.

"வால்யூமைக் குறைச்சுட்டுப் பேசு."

"ரிமோட்டைக் காணோம்மா."

அவளுக்கு, "சமத்து" என்று தான் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கணவரிடம் சொன்னாள். "டி.வி. சத்தம் கேட்டதுக்கெல்லாம் பஸ் ஏறுவியா? குடும்பம்னா நாலும் இருக்கும். நீ மூக்கை நுழைக்காத" என்றார்.

"நம்ம வீட்டுல ஏன் சத்தமா வைக்கிறேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். மகள் வீட்டுப் படிக்கட்டில் ஏறும்போதே டி.வி. சத்தம் கேட்டது. மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார்.

"வாங்க அத்தை. என்ன, சொல்லாம கொள்ளாம?"

அடுப்படியிலிருந்து மகள் வந்தாள். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் கொண்டுவரத் திரும்பினாள்.

நாற்காலியில் ரிமோட் கிடந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய டி.வி.யின் ரிமோட். மற்ற பட்டன்களில் எழுத்துகள் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. கூட்டல் குறியில் பாதியைக் காணவில்லை.

அவள் அதை எடுத்து, தன் வாழ்நாளில் முதல்முறையாக, மியூட்டை அமுக்கினாள். வீடு சட்டென்று அடங்கியது. மாடியில் யாரோ குழாயைத் திறப்பதுகூடக் கேட்டது.

"நியூஸ் பாத்துட்டிருந்தேனே, அத்தை."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. இவகிட்ட என்ன பேசிட்டிருந்தீங்களோ, அதை இப்பப் பேசுங்க. கதவு திறந்துதான் இருக்கு."

மாடியிலிருந்து ஒரு பெண் வாளியோடு இறங்கி வந்தாள். மாப்பிள்ளை வாசலைப் பார்த்தார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும் அத்தை" என்றார், கிசுகிசுப்பாக.

"மெதுவாவும் பேச வருதே" என்றாள் அவள். பிறகு மகளிடம், "துணிமணியை எடுத்துக்கடி" என்றாள்.

"அப்பா என்னம்மா சொல்வாரு?"

"அவரை நான் பாத்துக்கறேன்." எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

இப்போது மகள் அம்மாவோடு இருக்கிறாள். அப்பா இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோபம் வந்தால் கத்துகிறார்; யாரும் வால்யூமைக் கூட்டுவதில்லை, அது தெருவரைக்கும் கேட்கிறது. தையல்காரி சீரியலைப் பற்றிக் கேலி பேசுவதை விட்டுவிட்டாள். மாப்பிள்ளை தினமும் போன் செய்து வரச் சொல்கிறார். போவதா வேண்டாமா என்று மகள் இன்னும் சொல்லவில்லை.