பாலைவனக் கோவிலில் எடுத்த ஒரு பிடி மண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, யூலை மாதத்தில் நடந்தது இது. நாங்கள் மெல்பேர்னில், வெரிபீயில் இருக்கிறோம். மனைவிக்கு மார்பில் கட்டி என்று கண்டுபிடித்து, ஒப்பரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒருதரம் பாலைவனம் பார்க்க வேண்டும் என்றாள். பத்து நாள்தான் இருந்தது. சரியென்று அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு விமானத்தில் போய், அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்தோம்.

அந்த நாட்களில் வீட்டில் நான் பெரிய வீரன். இதெல்லாம் சின்ன ஒப்பரேஷன், ஒன்றுக்கும் யோசிக்காதே என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாம் நாள், பழங்குடி மக்களுக்காக அந்தக் காலத்து மிஷனரிகள் கட்டிய ஒரு கிறிஸ்தவக் கோவிலுக்குப் போனோம். வெள்ளையடித்த கல் சுவர், தகரக் கூரை, சுற்றிலும் சிவப்பு மண். அது எங்கள் கத்தோலிக்கக் கோவில்கூட இல்லை. ஆனாலும் மனைவி உள்ளே மர வாங்கில் உட்கார்ந்து செபமாலை சொல்லத் தொடங்கினாள். நான் மெல்ல வெளியே வந்தேன்.

நான் மன்னார்க்காரன். எங்கள் பக்கத்து மடு மாதா கோவில் மண்ணை எடுத்துவந்து வீட்டில் வைத்திருப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பாம்புக்கடிக்குக்கூட அதைத்தான் நம்புவார்கள். கோவில் மண் எல்லாம் ஒன்றுதானே, ஆஸ்பத்திரியில் அவளுடைய தலையணைக்குக் கீழே வைக்கலாம் என்று தோன்றியது. கோவிலுக்குப் பின்னால் மேடாக இருந்த இடத்தில் ஒரு பிடி அள்ளி, சாண்ட்விச் கொண்டுவந்த பையில் போட்டேன்.

பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் பழங்குடிப் பெண். என் வயதுதான் இருக்கும். மிஷன் காலத்தில் இறந்துபோன குழந்தைகளைப் புதைத்த இடம் அது என்று ஆங்கிலத்தில் சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஏன் எடுத்தாய் என்று மட்டும் கேட்டார்.

வெட்கத்தில் பொய்கூட வரவில்லை. மனைவிக்கு வந்த வருத்தத்தையும் ஒப்பரேஷனையும் சொன்னேன். அவள் இல்லாமல் எனக்கு வாழத் தெரியாது, பயத்தில் நித்திரையே இல்லை என்றும் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததெல்லாம் முன்பின் தெரியாத ஒருவரிடம் கொட்டுப்பட்டுவிட்டது.

அவர் என்னோடு குந்தியிருந்து, மண்ணைத் திருப்பிப் போட்டுத் தடவிவிட்டார். பிறகு மனைவியின் பெயரைக் கேட்டு, தன் மொழியில் ஒரு செபம் சொன்னார். அதில் அவளுடைய பெயர் மட்டும்தான் எனக்கு விளங்கியது.

எழும்பித் திரும்பினால், மனைவி நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"நீங்களும் பயந்துகொண்டே இருக்கிறியள்? நான் மட்டும்தான் எண்டெல்லோ நினைச்சனான்" என்று என் கையைப் பிடித்தாள். அவ்வளவு நாளும் அழாதவள் அழுதாள். நானும்தான்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது அவள் சுகமாக இருக்கிறாள். துணிவு கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்திலேயே இருந்தும் அவளைப் பயத்தோடு தனியாக விட்டிருந்தேன் என்பது, அந்தப் பெண் திட்டாமல் 'ஏன்' என்று கேட்டிராவிட்டால் எனக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.