பின்பலகையில் இரண்டு தட்டு

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே ஜீப் நிறுத்த ஓர் இடம்தான் உண்டு. ரோட்டோரத்தில் மலையை வெட்டி எடுத்த சின்ன இடம், அதுவும் சரிவு. வண்டியின் முகம் மலையைப் பார்த்திருக்கும். முதுகுக்கு நேர் கீழே தங்கச்சி வீட்டுக் கூரை. கண்ணாடியில் பார்த்தால் தகரத்தின் மேல் அவள் காயப்போட்ட மிளகாய்கூடத் தெரியும்.

ஜீப்புக்கு என்னைவிட வயது அதிகம். எத்தனையோ கை மாறி என்னிடம் வந்தது. லயத்து ஆட்களை லுணுகலை டவுனுக்குக் கொண்டுபோய்விட்டு, திரும்பும்போது கடைச் சாமான் ஏற்றி வருவது என் பிழைப்பு. அதன் ஹேண்ட்பிரேக் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. லிவரைத் தாங்கும் இரும்புப் பிடி, சேஸியோடு சேரும் இடத்தில் துருவேறி உடைந்திருந்தது. லிவரை இழுத்தால் பிடியும் சேர்ந்து எழும்பி வரும். கியரில் விட்டு நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் கியர் துள்ளி வெளியே வந்துவிடும்.

அதனால்தான் கட்டை. தங்கச்சி வீட்டுக்காரர் அதற்காகவே என்னோடு வருவார். நான் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பேன். அவர் குதித்து இறங்கி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, உள்ளங்கையால் பின்பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அது கேட்ட பிறகுதான் நான் காலை எடுப்பேன். கீழே தங்கச்சிக்கும் அது கேட்கும். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பாள்.

"மச்சான், இந்த பிரேக்கச் செஞ்சிருவோமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது சரி. பிரேக்கச் செஞ்சுபுட்டு என்னைய வீட்டுல குந்த வைக்கலாம்னு பாக்குறீங்களா?" என்று சிரித்தார். பேச்சு அதோடு நின்றது.

போன வருடம் மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் நடந்து வரவில்லை, பெட்டியில்தான் வந்தார்.

அதன் பிறகு லயத்தில் யாராவது வந்து கட்டை வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒருவரைக் கூப்பிட எனக்குக் கூச்சம். அவர்கள் "வச்சாச்சு" என்று கத்தினாலும் என் கால் பிரேக்கிலிருந்து வராது. அந்த இரண்டு தட்டுக்காக அது காத்துக்கொண்டிருக்கும். "என்ன, உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்று கேலி செய்வார்கள்.

தங்கச்சிக்குத்தான் தூக்கம் போய்விட்டது. பிள்ளைகளை அடுப்பங்கரைப் பக்கமாகப் படுக்க வைத்துவிட்டு, இவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் சொன்னாள்.

"அண்ணே, மழை பேஞ்சா மண்ணுல கட்டை வழுக்கும். மேல அதை வச்சிக்கிட்டு என்னால இருக்க முடியல. ஒண்ணு பிரேக்கச் செய்யுங்க, இல்லாட்டி வித்துருங்க."

விற்றால் எனக்குப் பிழைப்பு இல்லை. விற்காவிட்டால் அவளுக்கு உறக்கம் இல்லை. அடுத்த நாளே பதுளைக்கு இறங்கினேன்.

வெல்டிங் கடைக்கார முஸ்லிம் பெரியவரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். துரு மாவாகக் கொட்டியது.

"தம்பி, நான் வெல்டிங் புடிக்க இதுல இரும்பு எங்க ஈக்கிது? பெயின்ட்டுதான் ஒட்டிப் புடிச்சிக்கிட்டு ஈக்கி. இவ்வளவு காலம் வண்டி எதுல நின்டிச்சி?"

"கட்டையிலங்க, நானா."

"கட்டையிலயா, கடவுள்லயா?"

நல்ல இரும்பு வரும்வரை வெட்டினார். வெட்டிய இடத்தில் பழைய வெல்டிங் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தது. எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர்களும் இதே இடத்தைத்தான் ஒட்டியிருக்கிறார்கள். அவர்களையும் இந்த வண்டி பயமுறுத்தியிருக்கும் என்று நினைத்தேன். நானா தடித்த தகடு ஒன்றை வைத்து ஒட்டி, பிடியைப் புதிய போல்ட்டால் இறுக்கினார். லிவரை இழுத்தேன். கையில் கனம் வந்தது. பதுளை ஏற்றத்தில் நிறுத்திப் பார்த்தோம், அசையவில்லை.

ஊருக்கு வந்து சேரும்போது மத்தியானம்தான். ஆனால் பனி இறங்கி ரோட்டை மூடியிருந்தது. தேயிலை தெரியவில்லை, லயமும் தெரியவில்லை. ஓர் ஆளைக்கூடக் காணவில்லை. கட்டை சீட்டுக்கு அடியில் கிடந்தது. எங்கள் இடத்தில் நிறுத்தி லிவரை இழுத்தேன். எஞ்சினை அணைத்ததும் வந்த அமைதி காதை அடைத்தது.

கால் வரவில்லை. பிரேக் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ தங்கச்சியின் கூரை.

அப்போது பின்பலகையில் இரண்டு தட்டு விழுந்தது.

நான் யோசிக்கவில்லை. கால் தானாக எழும்பியது. ஜீப் விரலளவு பின்னால் சரிந்து, பிரேக்கில் உட்கார்ந்து, நின்றுவிட்டது.

இறங்கிப் பின்பக்கம் போனேன். யாரும் இல்லை. பலகையின் விளிம்பில் பனி சொட்டுச் சொட்டாக வரிசையாய்த் தொங்கியது. யாராவது தட்டியிருந்தால் அந்தச் சொட்டுகள் உதிர்ந்திருக்கும்.

கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கச்சி ஏறி வந்தாள். கையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி. என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள்.

"கட்டை வைக்கலையா?"

"இல்ல. பிரேக் செஞ்சாச்சு. புடிக்குது பாரு."

"அப்ப தட்டுனது யாருண்ணே?"

"நான்தான்" என்றேன்.

பிரேக்கை மிதித்திருப்பவன் பின்னால் போய்த் தட்ட முடியாது. இத்தனை காலம் அந்தத் தட்டைக் கேட்டவள் அவள், அது அவளுக்குத் தெரியாதா? ஒரு கோப்பையை என்னிடம் தந்தாள். மற்றதைப் பின்பலகையின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அது ஆறும்வரை நானும் அங்கேயே நின்றேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாளாம். விற்கிற பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் லிவரை இழுத்துவிட்டுக் காத்திருப்பேன். தட்டு வரும். சில நாள் சுணங்கும், ஆனால் வரும். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

இந்த வருடம் மழை விட்ட ஒரு பின்னேரம் அது வரவில்லை. லிவர் எப்போதும்போலக் கனமாகத்தான் இருந்தது. கீழே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. கால் கடுக்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தேன். பிறகு எஞ்சினைப் போட்டு, காலையில் ஆட்களுக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அது சமதரை. அடியில் படுத்து டார்ச் அடித்தேன். தகட்டின் ஓரத்தில், புது பெயின்ட்டுக்குக் கீழே, மயிர் போல ஒரு கீறல் ஓடியிருந்தது. நகத்தை வைத்தேன். நகம் உள்ளே போனது.

மறுநாள் நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"இன்னும் ரெண்டு தடவ இழுத்திருந்தீங்கண்டா கையோட வந்திருக்கும். எப்புடித் தம்பி கண்டுபுடிச்சீங்க? சத்தம் கித்தம் வந்திச்சா?"

"வரலைங்க, நானா" என்றேன். "அதான் வந்தேன்."